நெற் ஸ்லோ என்றால் முதலில் வயரைப் பாருங்கள்

திருகோணமலையில் யாராவது "நெற் ஸ்லோ" என்று தொடங்கினால் அடுத்த வசனம் கொம்பனியைப் பற்றியதாகத்தான் இருக்கும். பக்கேஜை மாற்றவேணும், கொம்பனியை மாற்றவேணும், அல்லது நாலு அன்ரெனா வைத்த பெரிய ரவுட்டராக ஒன்று வாங்கவேணும். சொந்தக்காரர், அயலவர் வீடுகளில் இந்தப் பெட்டிகளோடு மல்லுக்கட்டியதில் எனக்கு வந்த எண்ணம் வேறு. கொம்பனியில் பிழையே இல்லை என்று வாதாட வரவில்லை. ஆனால் படலை வரைக்கும் ஒழுங்காக வந்த வேகம் பல வீடுகளில் விறாந்தைக்கும் பின் அறைக்கும் இடையில்தான் தொலைகிறது. அதைத் திருத்த பெரிய செலவில்லை, கொம்பனியின் தயவும் தேவையில்லை.

முதற் சோதனை எளிது. லப்டொப் ஒன்றில் வைஃபையை நிறுத்திவிட்டு, ரவுட்டரின் பின்பக்கப் போர்ட்டில் வயரால் நேரே செருகி வேகத்தை அளந்து பாருங்கள். பிறகு வயரைக் கழற்றி, நீங்கள் வழமையாக இருக்கும் அறையில் அதே லப்டொப்பை வைத்து வைஃபையில் அளவுங்கள். இரண்டையும் விடியப்புறம் ஒருக்கால், இரவு எட்டு ஒன்பது மணிக்கு ஒருக்கால் செய்தால் இன்னும் நல்லது. வயரில் பக்கேஜ் வேகம் வந்து, அறையில் அதில் கால்வாசிதான் வருகிறது என்றால் கோளாறு வீட்டுக்குள். வயரிலேயே இரவில் மட்டும் விழுகிறது என்றால் வெளியே நெரிசல். இந்த விவரத்தோடு அழைத்தால் மறுமுனையில் இருப்பவர் "ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்க" என்ற பாட்டைக் கொஞ்சம் சுருக்குவார்.

நாங்கள் ரவுட்டர் என்று சொல்லும் அந்த ஒரே பெட்டிக்குள் நாலு வேலை நடக்கிறது. ஃபைபரில் வரும் ஒளியை மின்சமிக்ஞையாக மாற்றுகிற ஓஎன்டி ஒன்று. கொம்பனி தரும் ஒரு முகவரியை வைத்துக்கொண்டு வீட்டிலுள்ள போன், ரிவி, லப்டொப் எல்லாவற்றையும் வெளியே பேசவைப்பது இரண்டாவது. பின்னால் வரிசையாக இருக்கும் போர்ட்கள் ஒரு சிறிய சுவிட்ச், அதாவது வயரில் செருகிய கருவிகளுக்கிடையில் தரவைப் பிரித்துவிடும் பகுதி. அன்ரெனாக்கள் வைஃபைக்கு. இந்த நாலில் இடம் பார்த்து வைக்கவேண்டியது வைஃபை ஒன்றைத்தான். மற்றவை அலுமாரிக்கு மேலே, படிக்குக் கீழே, எங்கே இருந்தாலும் ஒன்றுதான். நாலும் ஒரே பெட்டியில் வருவதால் நாலையும் ஒரே இடத்தில் வைத்தாகவேண்டும் என்று நினைத்துக்கொள்கிறோம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஃபைபர் இழுக்க வரும் பிள்ளைகள் பெட்டியை எங்கே பொருத்துவார்கள்? கேபிள் உள்ளே நுழையும் இடத்துக்குக் கிட்ட, பிளக் உள்ள சுவரில். அநேகமாக முன் ஹோலில், ரிவிக்குப் பின்னால். அவர்களைக் குறை சொல்லமுடியாது, அன்றைக்கே இன்னும் பல வீடு பார்க்கவேண்டியவர்கள். ஆனால் வீட்டின் ஒரு ஓரத்தில் வைத்த வைஃபையின் பாதி தெருவுக்குத்தான் போகும். படலையடியில் புல் மேயும் மானுக்கு நல்ல சிக்னல். பின் அறையில் சூம் வகுப்புக்கு இருக்கும் பிள்ளைக்கு ஒரு கோடு.

எங்கள் ஊர் வீடுகள் அலைக்கு நல்லவை அல்ல. சீமெந்துக் கல் சுவர், இரண்டு பக்கமும் பூச்சு, மேலே கம்பி கட்டிய கொங்கிரீற் பிளேட். கூரைக்குச் சீற் போட்ட வீடென்றால் வெக்கைக்காகக் கீழே அலுமினியத் தாள் விரித்திருப்பார்கள். அலைக்கு அது மூடிய கதவு. இரும்பு அலுமாரி, பிரிட்ஜ், தண்ணீர்த் தாங்கி, ஆளுயரக் கண்ணாடி எல்லாமே தடை. கண்ணாடி ஏன் என்று கேட்பார்கள். முகம் பார்க்கும் கண்ணாடியின் பின்பூச்சு உலோகம். நிலாவெளிப் பக்கம் ஜெர்மன் வானொலி டொய்ச்ச வெல்லவின் அஞ்சல் நிலையம் இயங்கிய காலத்தில் அங்கிருந்து கிளம்பிய சிற்றலை கடல் தாண்டிப் போனது. அது நூற்றுக்கணக்கான கிலோவாட் வலு. வீட்டு ரவுட்டரின் வலு ஒரு வாட்டில் பத்திலொரு பங்கு அளவுதான். அதிலும் வைஃபை வழமையாகப் பாவிக்கும் இரண்டு அலைகளில், 5 கிகாஹேர்ட்ஸ் அலைக்கு இரண்டு சுவர் தாண்டவே மூச்சு வாங்கும். 2.4 கிகாஹேர்ட்ஸ் சுவரைத் தாண்டும், ஆனால் வேகம் குறைவு, அயலவர் எல்லோரும் அதே பாதையில்.

அந்தப் பாதையைப் பற்றி ஒன்று. 2.4 இன் உள்ளே சானல் என்ற சின்னப் பாதைகள் உண்டு; அவற்றில் ஒன்றோடொன்று மோதாதவை மூன்றுதான்: 1, 6, 11. மத்திய வீதி, மட்டிக்களி போன்ற வீடு நெருக்கமான இடங்களில் போனில் ஒரு வைஃபை அனலைசர் செயலியைத் திறந்து பார்த்தால் எல்லா ரவுட்டரும் ஒரே சானலில் குவிந்திருக்கலாம். ஆள் குறைந்த ஒன்றுக்கு மாற்றி, சானலின் அகலத்தை 20 மெகாஹேர்ட்ஸில் வையுங்கள். சிலர் 3 அல்லது 4 ஐத் தெரிவு செய்து கெட்டித்தனம் என்று நினைப்பார்கள். அது 1, 6 இரண்டோடும் உரசும், இரண்டு பக்கத்தாருக்கும் தொல்லை.

இவ்வளவும் வைஃபையைச் சமாளிக்கும் வழிகள். என்னைக் கேட்டால், வைஃபை கையில் தூக்கிக்கொண்டு திரியும் பொருளுக்கு மட்டும் இருக்கவேண்டும். ரிவி நகராது. மேசைக் கணினி நகராது. கமராப் பதிவுப் பெட்டி நகராது. இவற்றுக்கு வயர் இழுத்துவிட்டால் போன்களுக்கு வைஃபை தானாகவே சுகமாகிவிடும், ஏனென்றால் வைஃபையின் ஒரே சானலில் ஒரு நேரத்தில் பெரும்பாலும் ஒரு கருவிதான் பேசமுடியும். ஹோலில் ரிவி படம் ஓட்டிக்கொண்டிருக்கும் வீட்டில் அந்த ஒன்றை வயருக்கு மாற்றியதும் மற்ற அறைகளின் முறைப்பாடு குறைவதைப் பல இடத்தில் பார்த்திருக்கிறேன். புது ரவுட்டர் வாங்கும் காசில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது.

வயர் வாங்கும்போதுதான் ஏமாற்று. கேட் 5ஈ என்ற தரத்து வயர் போதும். 100 மீற்றர் வரை கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வேகம் போகும். எங்கள் வளவுகளில் 100 மீற்றர் வருவது அரிது. பெட்டியில் "கேட் 6" என்று பெரிதாக அச்சடித்திருப்பதைப் பார்த்து மயங்கவேண்டாம். உள்ளே இருப்பது செம்பா, செம்பு பூசிய அலுமினியமா என்பதே கேள்வி. முனையில் ஒரு இழையை உரித்துக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளும் சிவப்பென்றால் செம்பு. வெள்ளி நிறம் தெரிந்தால் அலுமினியம். பெட்டியைத் தூக்கினாலே பாரத்தில் வித்தியாசம் தெரியும். அலுமினியம் இரண்டு மூன்று தரம் மடித்தால் முறியும், மின்தடை கூட, வயர் வழியே கரண்ட் கொடுத்துக் கமரா ஓட்டினால் சூடாகும். கடற்கரை ஊரில் இன்னொரு பிரச்சினையும் உண்டு: முனையில் பூச்சு உரிந்த இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் மாவாகிவிடும். கடைக்காரர் "இதுதான் தம்பி எல்லாரும் கொண்டுபோறது" என்பார். கொண்டுபோகிறார்கள்தான்.

வயர் நுனியில் செருகும் முனையை அடிக்கும்போது இழைகளின் நிற வரிசை எல்லோருக்கும் தெரிந்ததுதான், இருந்தாலும் எழுதி வைக்கிறேன்: வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைக் கபிலம், கபிலம். பச்சைச் சோடி ஏன் நீலத்துக்கு இரு பக்கமும் பிரிந்து நிற்கிறது என்று பலர் கேட்பார்கள். 3ஆம் 6ஆம் ஊசிகள் ஒரு சோடியாக வேலை செய்வதால், முறுக்கிய ஒரே சோடி அந்த இரண்டிலும் வரவேண்டும். நிறங்களை "ஒழுங்காக" அடுக்குகிறேன் என்று பச்சை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மலிவான சோதனைப் பெட்டியில் எட்டு லைட்டும் வரிசையாக எரியும், எல்லாம் சரி என்று காட்டும். நீண்ட வயரில் வேகம் வராது, அல்லது வந்து வந்து அறும். இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க முனையை வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்ப்பதைவிட நல்ல கருவி வீட்டில் கிடையாது.

இன்னொரு அடையாளம். 300 எம்பிபிஎஸ் பக்கேஜ் எடுத்தும் வயரில் அளக்கும்போது எந்நேரமும் 93, 94 இலேயே நிற்கிறதா? அது கொம்பனி இல்லை. 100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு எட்டு இழையில் நாலு போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். மற்ற நாலில் ஒரு இழை விட்டுப்போனாலும் இரு பக்கமும் பேசிக்கொண்டு சத்தமில்லாமல் 100 க்கு இறங்கிவிடும், நடைமுறையில் அது 94க்கு மேல் காட்டாது. பழைய சுவிட்ச் அல்லது பழைய ரிவியின் போர்ட்டே 100 தான் என்றாலும் இதே கதை. 94 என்ற இலக்கத்தைக் கண்டால் முனையை வெட்டித் திரும்ப அடியுங்கள்.

சுவிட்ச் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஐந்து போர்ட் கிகாபிட் சுவிட்ச் ஒன்றை வாங்கிச் செருகினால் வேலை முடிந்தது. அமைப்பு என்று ஒன்றுமில்லை. எந்தக் கருவி எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்பதை வருகிற தரவின் முகவரியைப் பார்த்துத் தானே படித்துக்கொள்ளும். ஒரே ஒரு ஆபத்துத்தான். உவர்மலையில் உறவுக்கார மாமி ஒருவர் போனில் சொன்ன அறிகுறி எனக்கு மறக்காது: "தம்பி, பெட்டியில லைட் எல்லாம் நல்லாத்தான் எரியுது. முந்தியவிட வேகமா மின்னுது. ஆனா வட்ஸ்அப்பும் வருகுதில்ல." வீட்டைக் கூட்டித் துடைத்தவர்கள் தொங்கிக்கொண்டிருந்த வயர் முனையைக் கண்டு, விட்டுப்போய்விட்டதாக்கும் என்று அக்கறையாக அதே சுவிட்ச்சில் செருகிவிட்டார்கள். வயரின் இரண்டு முனையும் ஒரே சுவிட்ச்சில். எல்லோருக்கும் என்று அனுப்பப்படும் ஒரு செய்தி வட்டமாகச் சுற்றிச் சுற்றிப் பெருகி, வேறெதற்கும் இடமில்லாமல் செய்துவிடும். பெரிய நெட்வேர்க்குகளில் இப்படி வட்டம் விழாமல் தடுக்கும் முறையை ராடியா பேர்ல்மன் என்ற பெண் பொறியியலாளர் 1985 இல் உருவாக்கினார். மலிவான வீட்டுச் சுவிட்ச்சுகள் பலவற்றில் அது இல்லை. மாமியிடம் "கடைசியாகச் செருகினதைக் கழற்றுங்கோ" என்றேன், அவ்வளவுதான்.

இரண்டாவது ரவுட்டர் வாங்கிவந்து பின் அறையில் வைப்பவர்களுக்கு வரும் சிக்கல் வேறு வகை. வீட்டில் ஒவ்வொரு கருவிக்கும் முகவரி வழங்கும் வேலையை டிஎச்சிபி என்ற பகுதி செய்கிறது. பழைய ரவுட்டரிலும் அது ஓடுகிறது, புதியதிலும் ஓடுகிறது. ஆஸ்பத்திரி ஓபிடியில் இரண்டு பேர் இரண்டு வாசலில் நின்று ஒரே இலக்கத் துண்டுகளைக் கொடுத்தால் என்ன நடக்குமோ அதுதான் நடக்கும். சில போனுக்கு நெற் வரும், சிலதுக்கு வராது, நாளைக்கு அது மாறி நடக்கும். தீர்வு: புது ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் டிஎச்சிபியை நிறுத்துங்கள். அதன் சொந்த முகவரியை மாற்றுங்கள், முதலாவது 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2. பிறகு முதலாவதின் லான் போர்ட்டிலிருந்து (வீட்டுக் கருவிகளுக்கானது) இதன் லான் போர்ட்டுக்கு வயர் கொடுங்கள், வெளி இணைப்புக்கான வான் (WAN) போர்ட் சும்மா இருக்கட்டும். இனி இது ரவுட்டர் இல்லை, வைஃபை கொடுக்கும் ஒரு கருவி மட்டும். புதிய ரவுட்டர்கள் பலவற்றில் "அக்சஸ் பொயின்ட்" என்று ஒரு தெரிவே உண்டு. அதைத் தொட்டால் இவ்வளவையும் தானே செய்யும். இரண்டிலும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல், வேறு வேறு சானல். சுவரில் குத்தும் ரிப்பீட்டர் வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல். ரிப்பீட்டர்களில் அனேகமானவை கேட்டதைத் திரும்பச் சொல்ல அதே அலையைத்தான் பாவிக்கும், வேகம் பாதியாகும்.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். பொருத்தியதைக் காப்பாற்றுவதில்தான் எங்கள் ஊர் தனி. மூன்று பக்கமும் கடல் வைத்துக்கொண்டு இருக்கிறோம். உப்பு தூசியாகப் படியும். காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு தானே ஈரத்தை இழுத்துக் கரையும். வாடைக் காலத்தில் விடியப்புறங்களில் அது சாதாரணம். கரைந்த உப்புநீர் மின்சாரம் கடத்தும், உலோகத்தை அரிக்கும். டச்சுக் குடாப் பக்கத்து வீடொன்றில் யன்னலோரம் வைத்த சுவிட்ச்சைத் திறந்தபோது போர்ட்டின் ஊசிகளில் பழைய செம்புப் பாத்திரத்தில் வருகிற அதே பச்சைக் களிம்பு. வயர் முனைகளின் ஊசிக்குத் தங்கமுலாம் போடுவது ஆடம்பரத்துக்காக அல்ல. நல்ல முனையில் அது 50 மைக்ரோ இஞ்ச் தடிப்பு. கிலோக் கணக்கில் விற்கும் மலிவு முனைகளில் பெயருக்குத்தான் இருக்கும். இந்த ஊரில் மிச்சம் பிடிக்கக்கூடாத இடம் இது.

செய்யக்கூடியது: பெட்டியைக் கடல் பார்த்த யன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள். பாவிக்காத போர்ட்களுக்கு ரப்பர் மூடி போடுங்கள், கிடைக்காவிட்டால் ரேப் ஒட்டுங்கள். வருடத்தில் ஒருமுறை, மழை தொடங்க முன்னர், எல்லா முனையையும் கழற்றி ஐசோபுரொபைல் அல்ககோலில் தோய்த்த பஞ்சுக்குச்சியால் துடைத்துக் காய்ந்ததும் செருகுங்கள். துரு நீக்கும் எண்ணெய் ஸ்பிரேக்களை அடிக்கவேண்டாம். தூசி பிடித்து ஒட்டும். வெளியே மதிலோடு போகும் வயருக்குக் கறுப்பு உறை போட்ட வெளிப்பாவனைக் கேபிள்தான் வேண்டும். உள்ளே பாவிக்கும் சாம்பல் நிற வயர் எங்கள் வெயிலில் ஒன்றிரண்டு கச்சான் காற்றுக் காலம் தாண்டமுன் வெடித்துவிடும்.

எறும்பையும் சொல்லவேணும். இளஞ்சூடு, இருட்டு, ஆள் நடமாட்டம் இல்லை: ரவுட்டரைவிட நல்ல குடிமனை எறும்புக்கு ஏது? கன்னியாப் பக்கத்து வீடொன்றில் பெட்டியைக் கழற்றித் தட்டியபோது முட்டையோடு கொட்டியது. பல்லியும் வரும், மின்பகுதிக்குக் குறுக்கே படுத்தால் பல்லியும் போகும் பெட்டியும் போகும். தரையிலும் மேசையிலும் வைக்காமல் சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டால் பாதித் தொல்லை குறையும், காற்றும் படும்.

இடி மின்னல் எங்களுக்குப் பங்குனி சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும்தான் கூட. செம்பு ரெலிபோன் லைனில் நெற் வந்த காலத்தில் தூரத்தில் எங்கோ விழுந்த மின்னல்கூட லைன் வழியாக உள்ளே வந்து ரவுட்டரைக் குடித்துவிட்டுப் போகும். ஃபைபர் கண்ணாடி, அதில் மின்சாரம் ஓடாது. தூணிலிருந்து வரும் கேபிளின் உலோகத் தாங்கு கம்பியை உள்ளே விடாமல் வெளியே கொக்கியில் கட்டி நிறுத்திவிட்டால் அந்தப் பாதை பெரும்பாலும் அடைபட்டது. இப்போது மின்னல் நுழைவது வேறு இரண்டு வழியால். ஒன்று கரண்ட். மற்றது நாங்களே இழுத்து வைத்த வயர்: மதிலில் உள்ள கமராவுக்கு, பின்வளவில் உள்ள அறைக்கு, அண்ணன் வீட்டுக்குப் பங்கு கொடுக்க. இடிக்குப் பிறகு வைஃபை வேலை செய்யும், ஒரு போர்ட் மட்டும் செத்திருக்கும் என்றால் அந்தப் போர்ட்டின் வயர் எங்கே போகிறது என்று பாருங்கள், அநேகமாக வீட்டுக்கு வெளியே. இரண்டு கட்டடங்களுக்கிடையில் செம்பு வயரை நான் இப்போது சிபாரிசு செய்வதில்லை. ஃபைபர் துண்டும் இரு முனைக்கும் ஒவ்வொரு மாற்றுப் பெட்டியும் போட்டால் இரண்டு வீட்டுக்கும் மின்தொடர்பே இல்லை.

மின்னல் தடுப்பு என்று எழுதிய பிளக் பட்டைகளை நம்பியிருப்பவர்கள் வீட்டு எர்த்தைச் சோதிப்பித்துக்கொள்ளுங்கள். வந்த மின்னழுத்தத்தைத் திருப்பிவிட அதற்கு ஒரு இடம் வேண்டும். உப்புவெளிப் பக்கம் மணல் நிலம். காய்ந்த மணல் மின்சாரத்தை நன்றாகக் கடத்தாது. கம்பி ஆழமாகப் போயிராவிட்டால் வரட்சிக் காலத்தில் எர்த் பெயருக்குத்தான். சித்திரை மாத இடி மணல் காய்ந்திருக்கும்போதுதான் வருகிறது. இடி கேட்டால் பிளக்கைக் கழற்றும் பழைய பழக்கத்துக்கு இன்னும் மாற்று வரவில்லை.

கரண்ட் போவதைப் பற்றிப் பேசினால் 2022 வரும். பங்குனி கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டிய நாட்களில்தான் கரண்ட் போனால் ரவுட்டரை ஓட்டும் சின்ன பற்றரிப் பெட்டி, டிசி யூபிஎஸ், வீடு வீடாகப் புகுந்தது. நல்ல பொருள்தான், கணக்குத் தெரிந்து வாங்கவேண்டும். 10,400 எம்ஏஎச் என்று போட்டிருப்பது உள்ளே உள்ள பற்றரியின் 3.7 வோல்ட்டில், பெருக்கினால் 38 வாட் மணிக்குக் கிட்ட. 12 வோல்ட்டுக்கு உயர்த்துவதில் கொஞ்சம் இழப்பு, மிஞ்சுவது 31 அளவு. எட்டு வாட் எடுக்கும் ரவுட்டர் என்றால் நாலு மணித்தியாலத்துக்குக் கிட்ட. எம்ஏஎச் உண்மையாக இருந்தால். ஃபைபர்க்காரருக்கு ஒரு வசதி உண்டு: எக்ஸ்சேஞ்சுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒளியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டிகளுக்குக் கரண்டே தேவையில்லை. அந்தப் பக்கம் ஜெனரேட்டர் ஓடி, உங்கள் பெட்டிக்கும் உயிர் இருந்தால் நெற் இருக்கும். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் எங்களுக்கு வடக்கே கரையேறியது போன்ற இரவுகளில், செய்தி அறிய அது பெரிய விஷயம்.

ஒரு எச்சரிக்கை: ரவுட்டர் 12 வோல்ட், சுவிட்ச் பல நேரம் 5 அல்லது 9 வோல்ட். செருகும் முனை பார்வைக்கு ஒன்றுதான், 12 வோல்ட் முனை சுவிட்ச்சிலும் சரியாகப் போய் இருக்கும், சுவிட்ச் அந்த நிமிஷமே போய்விடும். வாங்கிய அன்றே ஒவ்வொரு அடப்டரிலும் எந்தப் பெட்டிக்குரியது என்று நிரந்தரப் பேனையால் எழுதுங்கள். அடிக்கடி தானாக அணைந்து எழும்பும் ரவுட்டரைத் தூக்கி எறிய முன்னரும் அடப்டரை மாற்றிப் பாருங்கள். அதனுள்ளே இருக்கும் மின்தேக்கிக்குச் சூடு ஆகாது. 10 பாகை கூடினால் ஆயுள் பாதி என்பது பொதுக் கணக்கு. சீற் வீட்டில் ரிவிக்குப் பின்னால் செருகிய அடப்டர் எப்படி வாழும்?

கடவுச்சொல்லுக்கு வருவோம். சொந்தப் போன் நம்பரைக் கடவுச்சொல்லாக வைக்கும் பழக்கம் எங்கள் ஆட்களிடம் பரவலாக உண்டு. 07 இல் தொடங்கும் பத்து இலக்கம் என்று தெரிந்தவனுக்கு ஒவ்வொரு போன் கொம்பனியின் தொடக்க எண்ணிலும் முயலவேண்டியது ஒரு கோடி நம்பர்தான். இன்றைய கணினிக்கு அது சில நிமிஷ வேலை. டபிள்யூபிஎஸ் என்ற பொத்தான் வசதியையும் நிறுத்திவிடுங்கள். அதன் எட்டு இலக்கப் பின்னை 11,000 முயற்சிக்குள் உடைக்கலாம் என்று 2011 இலேயே காட்டிவிட்டார்கள். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்கான "அட்மின்" கடவுச்சொல் வைஃபை கடவுச்சொல்லிலிருந்து வேறு; அதை மாற்றாமல் விட்ட கமராக்களையும் ரவுட்டர்களையும் சேர்த்துத்தான் 2016 இல் மிராய் என்ற தீநிரல் தன் படையைக் கட்டியது. நிலாவெளி, உப்புவெளியில் வெள்ளைக்காரருக்கு அறை விடுபவர்கள் விருந்தினர் வைஃபை என்ற தெரிவைத் திறந்து, ஒருவர் கருவியை ஒருவர் பார்க்கமுடியாதபடி வையுங்கள். வருபவர் நல்லவராகவே இருக்கட்டும், அவருடைய லப்டொப் என்னென்ன பிடித்துக்கொண்டு வருகிறதோ.

கடைசியாகக் கமரா. கனடாவில் இருக்கும் மகனுக்கு ஊரில் அம்மா தனியே இருக்கும் வீட்டைப் பார்க்கவேண்டும். யூடியூபைப் பார்த்து "போர்ட் ஃபோவார்டிங்", அதாவது வெளியிலிருந்து வரும் அழைப்பை ரவுட்டர் கமராவுக்குத் திருப்பிவிடும் அமைப்பு, செய்யச் சொல்லி வழிகாட்டுவார், இங்கே பல வீடுகளில் எத்தனை முறை செய்தாலும் வராது. ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வெளிமுகவரி என்ன என்று பாருங்கள். 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் முயற்சியை விடலாம். ஆசிய பசிபிக் பகுதியில் பழைய வகை (ஐபிவி4) முகவரிகள் 2011 இலேயே ஏறத்தாழ முடிந்துவிட்டன. ஒரு முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போடக் கொம்பனிகளுக்கென்று 2012 இல் ஒதுக்கியதுதான் அந்த 100.64 தொகுதி. வெளியிலிருந்து தட்டினால் எந்த வீட்டுக் கதவு என்று கொம்பனியின் பெட்டிக்குத் தெரியாது. கமரா கொம்பனியின் செயலி வழியாகப் பார்ப்பது, அல்லது வீட்டிலிருந்தே வெளியே போய் இணையும் விபிஎன் (இணையத்துக்குள் ஒரு தனிப்பாதை) ஒன்றை வைப்பது, இரண்டில் ஒன்றுதான் வழி. போர்ட் திறக்க முடியாததை நான் நல்லதாகவே பார்க்கிறேன். திறந்து வைத்த கமராக்களின் கதை மேலே சொன்னதுதான்.

எங்கள் வீட்டில் இப்போது மேல்மாடி வேலை நடக்கிறது. பிளேட் போட முன்னரே ஒவ்வொரு அறைக்கும் 25 மில்லிமீற்றர் பிவிசி குழாய் ஒன்று, உள்ளே நைலோன் நூலோடு, படிக்குக் கீழே ஒரே இடத்துக்கு வந்து சேரும்படி புதைத்தாயிற்று. வயரிங் செய்யும் அண்ணன், "கரண்ட் வயர் போற குழாய்க்குள்ளேயே விடலாமே தம்பி, ஏன் வீண் செலவு" என்று கேட்டார். 230 வோல்ட் போகும் வயரின் உறை எங்காவது உரிந்தால் அது போய்ச் சேரும் இடம் பிள்ளையின் கையில் இருக்கும் லப்டொப் என்று சொன்னதும் ஒன்றும் பேசாமல் சுவரை வெட்டத் தொடங்கினார். பூச்சு காய்ந்ததும் வயர் இழுக்கவேண்டும். சுரண்டிப் பார்த்துத்தான் வாங்குவேன்.